தாசில்தார் குடித்த இளநீர்

புறவழிச்சாலைக்காக நாச்சம்மாளின் தென்னந்தோப்பை அரசு எடுத்துக்கொண்டது. நட்டஈடு கேட்டு கோர்ட்டுக்கு அலைந்தே அவள் செருப்புகள் தேய்ந்தன. கடைசியில் தாசில்தார் கூண்டேறி, "அளந்தபோது அங்கே மரமே இல்லை, எல்லாம் முழங்கால் உயரக் கன்றுகள்" என்றார்.

நாச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, நான் ஒண்ணு கேட்டுக்கறனுங்க."

நீதிபதி தலையசைத்தார்.

"ஏனுங்க, அளக்க வந்தன்னிக்கு வெயில்ல கிறுகிறுங்குதுன்னீங்களே, நான் குடுத்த இளநி நல்லா இருந்துதுங்களா?"

"தேனாட்டம் இருந்துச்சும்மா!"

"அதை எம்பையன் எப்படிங்க பறிச்சான்?"

"விறுவிறுன்னு உச்சிக்கு ஏறினானே..." என்ற தாசில்தார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கோர்ட்டே சிரித்தது. காய்க்கிற மரத்துக்கான விலையைக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார்.

"இந்த ஒரு கேள்விய என்னையக் கேக்க விட இத்தன வருசமாக்கிட்டீங்களே சாமி!" என்று சலித்துக்கொண்டாள் நாச்சம்மாள்.