படிமலையைக் கட்டியவர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பேர் உத்தமகேசரி. நல்ல ராஜாதான், குறை சொல்லக்கூடாது. மாதம் மும்மாரி பெய்ததா என்று மந்திரியைக் கேட்பார். பெய்யவில்லை என்றால் வருத்தப்படுவார். அதற்கு மேல் ஒரு ராஜா என்னதான் செய்வார், பாவம்! ஆனால் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்குத்தான் ஆபத்து.

பக்கத்து நாட்டு அரண்மனைக் கல்யாணத்துக்குப் போனவர் அங்கே ஒரு கோபுரத்தைப் பார்த்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முன் எங்கள் முன்னோர் கட்டியது" என்று அந்த ராஜா மீசையை முறுக்கினார். நம் ராஜாவுக்குக் கல்யாணச் சாப்பாடே இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் சபையைக் கூட்டி, "நம் நாட்டில் பழமையானது என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டார். இருந்தது அரண்மனை ஒன்றுதான். அதுவும் அவர் தாத்தா கட்டியது. மழை பெய்தால் ஒழுகும்.

அந்தச் சபையில் திருமேனி நாவலர் என்று ஓர் ஆஸ்தானப் புலவர் இருந்தார். ராஜா என்ன கேட்க விரும்புகிறாரோ அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலு நாள் ஆளைக் காணோம். பிறகு பல்லக்கில் வந்து இறங்கினார்.

"மன்னர் பெருமானே! பாறைப்பட்டியை ஒட்டி நிற்கும் படிமலை இருக்கிறதே, அது மலையே அல்ல. தங்கள் குலத்து முன்னோர் கட்டிய மாளிகை! பாறைகள் படிப்படியாக ஏறுகின்றன. நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடுகள் ஓடுகின்றன. மனிதன் கை படாமல் அப்படி அமையுமா?"

ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. "கல்வெட்டு ஏதேனும் உண்டா, நாவலரே?"

"இல்லை பெருமானே. அதுவே பெரிய சான்று! தன் பெயரைப் பொறித்துக்கொள்வது அற்பர்கள் வழக்கம். அந்தக் கற்கள் மௌனமாக இருப்பதே, கட்டியவர் தங்கள் குலத்துப் பெருந்தகை என்பதைப் பறைசாற்றுகிறது."

சபை கை தட்டியது. ராஜா அங்கேயே உத்தரவு போட்டார். பாறைப்பட்டி ஊர் மாளிகையின் முற்றத்தில் இருக்கிறதாம். ஆடி பிறப்பதற்குள் ஊரைக் காலி செய்துவிட்டுத் தோண்ட வேண்டுமாம்.

மூலையில் உட்கார்ந்திருந்த விகடகவி ஆவுடையப்பனுக்குப் பகீரென்றது. பாறைப்பட்டி அவன் பெண்டாட்டி பிறந்த ஊர். மாமியார், மச்சினன்மார், ஆடு, மாடு எல்லாம் அங்கேதான். மனசு பதறியது, ஆனால் தொழில் பழக்கம், வாயில் சிரிப்புத்தான் வந்தது. அதுவும் பலமாக வந்துவிட்டது.

"ஏன் சிரித்தாய்?" என்றார் ராஜா.

"மன்னா, இந்த நாவலர் இரண்டு நாள் தாமதித்திருந்தால் வானத்தையும் உங்கள் முன்னோர்தான் கூரையாக வேய்ந்தார்கள் என்றிருப்பார்."

நாவலருக்கு நெடுநாளாக ஆவுடையப்பன் மேல் ஒரு கடுப்பு. இதுதான் சமயம் என்று எழுந்தார். "இவனுக்கு நம்பிக்கை இல்லையாம். சரி, மலை உண்டான காலத்தில் அங்கே இருந்த ஒரு சாட்சியைக் கொண்டுவந்து, அது கட்டப்படவில்லை என்று மெய்ப்பிக்கட்டுமே!"

"நல்ல யோசனை" என்றார் ராஜா. கோபத்தில் அவருக்கு எல்லாமே நல்ல யோசனையாகத்தான் படும். "ஆவுடையப்பா, நாளைச் சபைக்கு அந்தச் சாட்சியோடு வா. வென்றால் உத்தரவை விலக்கிக்கொள்கிறேன். தோற்றால் பாறைப்பட்டி ஜனங்களோடு நீயும் நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும்."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் வேலாத்தா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா இந்த வயசுல எங்கேங்க போவா? அந்த ஊத்துத் தண்ணியைத் தவிர வேற தண்ணி அவளுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதே! எங்க அப்பாவை அங்கதானே அடக்கம் பண்ணியிருக்கு. உங்க ராஜாவுக்குப் பாட்டன் பெருமை வேணும்னா எங்க வீட்டுக் கூரையையா பிடுங்கணும்?"

"பொறு வேலாத்தா, யோசிக்கிறேன்."

"யோசிங்க. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம சிரிச்சீங்கல்ல, இப்ப யோசிங்க. மொட்டை மாடியில கேப்பைக் கூழ் வத்தல் ஊத்தியிருக்கேன், அதையாச்சும் எடுத்துட்டு வாங்க. நாவலர் எங்க ஊரைச் சுத்திச் சுத்தி அளந்துட்டுப் போனாராம், ஊருக்கு ஆபத்துன்னு காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னா. அந்தக் கலக்கத்துல கனமா ஊத்தித் தொலைச்சேன்."

ஆவுடையப்பன் மாடிக்கு ஏறினான். வெயில் கொளுத்தியிருந்தது. கனமாக ஊற்றிய கூழ் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாகக் கிடந்தது. கன்னங்கரேலென்று, கொத்தன் அளந்து வைத்த கல் மாதிரி, நேர் நேராகக் கோடு. அவன் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். கீழேயிருந்து வேலாத்தா, "வெயில்ல மூளை கலங்கிப்போச்சா?" என்று கத்தினாள். அவனோ மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினான்.

மறுநாள் சபையில் எள் போட்டால் எள் விழாது. ஆவுடையப்பன் ஒரு பாறாங்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நடுவில் இறக்கினான்.

"மன்னா, இதுதான் சாட்சி. படிமலையின் கல். மலை உண்டானபோது அங்கேயே இருந்தது." பிறகு கல்லின் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, உங்களை யாரும் கட்டவில்லை, சரிதானே?"

கல் பேசுமா?

"மௌனம் சம்மதம், மன்னா. சாட்சி முடிந்தது."

நாவலர் துள்ளி எழுந்தார். "என்ன அநியாயம்! அது கல்! கல் வாயைத் திறக்கவில்லை என்பதை வைத்து எதையும் மெய்ப்பிக்க முடியாது!"

"அப்படிச் சொல்லுங்கள்!" என்றான் ஆவுடையப்பன். "நேற்று அதே கற்கள் மௌனமாக இருப்பதே சான்று என்றீர்கள். உங்களிடம் ஒரு பேச்சு, என்னிடம் ஒரு பேச்சா பேசும் அந்தக் கல்?"

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று சபைக்குத் தெரியவில்லை.

"வாய்ப்பந்தல் போடாதே" என்று சீறினார் நாவலர். "நேர்க்கோடுகளுக்கு என்ன சொல்கிறாய்? அளந்து வைக்கும் கை இல்லாமல் அத்தகைய கோடு வருமா?"

"வரவே வராதா?"

"வரவே வராது!"

"மன்னர் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்ற ஆவுடையப்பன், வெளியே போய்ப் பட்டுத்துணி மூடிய ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்தான். "நாவலரே, பாறைப்பட்டிக்காரி ஒருத்தி எனக்குக் கொடுத்தது. இது என்னவென்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்." அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேலாத்தாவும் பாறைப்பட்டிக்காரிதானே.

துணியை விலக்கினான். நாவலர் எட்டிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் எத்தனையோ வற்றல் தின்றிருக்கிறார். ஆனால் எல்லாம் பொரித்து இலைக்கு வந்தவை. காய்கிற வற்றலை அவர் கண்டதே இல்லை.

"ஆகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாளிகையின் மாதிரி வடிவம்! கட்டுவதற்கு முன் சிற்பிகள் சிறிதாகச் செய்து பார்த்தது. கல்லோடு கல் பொருந்திய நேர்த்தியைப் பாருங்கள்! பெருமானே, இது படிமலைக்கும் முந்தியது."

"தொட்டுப் பாருங்களேன்."

"சிவசிவ! முன்னோர் பொருளைத் தொடுவதா? தள்ளி நின்று கும்பிட வேண்டும்."

"தாங்கள் கும்பிடுங்கள். எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஆவுடையப்பன் அரண்மனைச் சமையல்காரனைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தைக் கொடுத்தான். நாவலர் ஐயோ ஐயோ என்று அலறினார். கொஞ்ச நேரத்தில் மாளிகை பொரிந்து, உப்பி, கமகமவென்று திரும்பி வந்தது. ராஜா ஒன்றை எடுத்துக் கடித்தார். மொறுமொறு என்ற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"கேப்பை வற்றலல்லவா இது!" என்றார் ராஜா. "உப்பு கொஞ்சம் தூக்கல்."

"என் பெண்டாட்டி அழுதுகொண்டே ஊற்றியது, மன்னா" என்றான் ஆவுடையப்பன். இதைச் சொல்லும்போது அவன் விளையாடவில்லை. "அவள் கோடு போடவில்லை. அளக்கவில்லை. வெயில் காய்ச்சியது, அது வெடித்தது. மலையும் அப்படித்தான் வெடித்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நானும் அன்று அங்கே இல்லை. நாளைக்கு ஓர் உளித் தடத்தை யாராவது காட்டட்டும், முதலில் விழுந்து கும்பிடுகிறவன் நான்தான். ஆனால் கோடுகளை மட்டும் காட்டி ஓர் ஊரைக் காலி செய்யலாமா?"

ராஜா கையிலிருந்த மீதி வற்றலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் என்னிடம் பழசாக ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இறங்கியிருந்தது.

"ஏன் இல்லை? அந்தக் கோபுரத்துக்கு ஆயிரம் வயது. படிமலை அதைவிடக் கிழம். யாரும் கட்டாமலே நிற்கிறது, உங்கள் நாட்டில் நிற்கிறது. பக்கத்து நாட்டாரை அழைத்துக் காட்டுங்கள்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போது நம் நாவலர் சொன்னபடி கட்டியது என்று எதுவுமே இல்லையா?"

"உண்டு மன்னா. கதை. அதை நாவலரே கட்டினார், ஒரு கல்கூட இல்லாமல்."

ராஜா சிரித்தார் பாருங்கள், ஒழுகுகிற கூரை அதிர்ந்தது. உத்தரவு அங்கேயே கிழிந்தது. நாவலருக்கு ஒரு தண்டனை: அந்தக் கோடை முழுக்க அரண்மனை மாடியில் உட்கார்ந்து, காய்கிற வற்றலுக்குக் காக்கா ஓட்ட வேண்டும். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஆவுடையப்பனைக் கேட்டார்.

"ஒரு மூட்டை கேப்பை, மன்னா. வற்றல் முழுக்கச் சபை தின்றுவிட்டது. வெறுங்கையோடு போனால் வீட்டில் என்னை வறுத்துவிடுவாள்."

ராஜா மறுபடியும் சிரித்து, ஒரு வண்டி கேப்பையும் தன் கையில் கிடந்த பொற்காப்பையும் கொடுத்தார்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் ஒரே புழுதி. பாறைப்பட்டியே திரண்டு வந்துகொண்டிருந்தது, மாமியார் முன்னால். "ஐயையோ, சொந்தமெல்லாம் இங்கேயே வந்துட்டாங்களா?" என்று ஆவுடையப்பன் பயந்துபோனான். வேலாத்தா கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தாள். ஒருத்தர் தலையிலும் மூட்டை இல்லை. எல்லாரும் கையை வீசிக்கொண்டு வந்தார்கள்.

"விருந்துக்குத்தாங்க வர்றாங்க. பொழுது சாய ஊருக்குத் திரும்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய்ப் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள்.