பல் பதிந்த நடைவண்டி

"தாயி, நான் ஊருக்குக் கிளம்புறேன்," என்றார் சொர்ணலிங்கம்.

உலகம்மை சமையல்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சமையலும் அவர்தான். சொர்ணலிங்கத்தைவிட வயதில் ரொம்பவே இளையவர். அதனால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"ஊர்ல யார் இருக்கா, அண்ணாச்சி?"

"யாரும் இல்லை."

"வீடு?"

"வித்தாச்சு."

"அப்போ எந்த ஊருக்கு?"

சொர்ணலிங்கம் நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"இங்க எல்லாரும் கண்ணை மூடுறாங்க. ஒருத்தர் வெளிச்சம் தெரியுதுங்கிறார். ஒருத்தர் மணிச்சத்தம் கேக்குதுங்கிறார். எனக்கு எங்க வீட்டுப் பரண்தான் வருது, தாயி. எப்ப உட்கார்ந்தாலும் அதே பரண். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது."

"பரண்மேல என்ன இருக்கு?"

சொர்ணலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

இதற்குமுன் வேறு குருமார்களிடமும் போயிருக்கிறார். ஒருவர் பட்டினி கிடக்கச் சொன்னார். ஒருவர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பரண்மேல் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"ஒரு நடைவண்டி," என்றார்.

உலகம்மை கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"நான் வீட்டுக்கு ஒத்தைப் பிள்ளை. அப்பா மில்லுக்குப் போயிருவார். மத்தியானம் அம்மா கண்ணசந்ததும் ஏணியைப் போட்டுப் பரண்மேல ஏறிருவேன். அண்டா, உருளி, கிழிஞ்ச பாயி, தாத்தாவோட வெத்தலைப் பெட்டி, எல்லாம் தூசி. மூலையில ஒரு தகரப்பெட்டி. அதுக்குப் பின்னால, பழைய சேலையில சுத்தி வச்சிருந்தது. பிரிச்சுப் பார்த்தா நடைவண்டி. ஒரு சக்கரம் இல்லை. பிடிக்கிற கட்டையில வரிசையாப் பல் தடம். பல் முளைக்கிற பிள்ளை கடிச்சது."

"உங்க பல்லா?"

"அப்படித்தான் நினைச்சேன். கீழே கொண்டுவந்து அம்மாகிட்டக் கேட்டேன். 'இது உன்னோடது இல்லை. நீ சுவரைப் பிடிச்சு நடந்தவன்'னு சொன்னா. வாங்கிட்டுப் போய், மறுபடியும் அதே சேலையில சுத்தி, அதே இடத்துல வச்சுட்டா. அன்னைக்குச் சாயங்காலம் விளக்கேத்த மறந்துட்டா."

"அப்பாகிட்டக் கேக்கலையா?"

"கேட்டேன். சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் கேக்கவே இல்லை."

அடுப்பில் உலை கொதித்தது. உலகம்மை எழுந்து தீயைத் தணித்துவிட்டு வந்தார்.

"பிறகு?"

"பிறகு தினமும் ஏறுவேன். கட்டையில இருக்கிற தடத்துல விரலை வச்சுப் பார்ப்பேன். பேசுவேன். எனக்குப் பேச ஆள் கிடைச்சிருச்சுன்னு ஒரு சந்தோஷம். கடலை மிட்டாய் கிடைச்சா பாதியைக் கடிச்சு அந்தக் கட்டைமேல வைப்பேன். எறும்பு மொய்ச்சிருச்சு. ஒருநாள் அம்மா ஏறிப் பார்த்துட்டா. அடி விழும்னு நினைச்சேன். எறும்பை மட்டும் தட்டிவிட்டுட்டு இறங்கிப் போயிட்டா. மிட்டாயை எடுக்கலை."

சொர்ணலிங்கம் கீழே கிடந்த கீரைத்தண்டு ஒன்றை எடுத்துக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

"அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா படுத்த படுக்கையா இருக்கும்போது பக்கத்துலயேதான் இருந்தேன். அந்தக் கேள்வி வாய் வரைக்கும் வந்துச்சு. அழுதுருவாளோன்னு கேக்கலை. அவளும் போயிட்டா. நான் கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கலை. வீட்டை வித்தப்ப பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் கொடுத்துட்டேன். நடைவண்டியை மட்டும் கொடுக்க முடியலை."

"எங்க இருக்கு அது?"

சொர்ணலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அந்த மடத்தில் இடம்.

"என் துணி மூட்டைக்குள்ள இருக்கு, தாயி. ஆத்துல விட்டுரச் சொல்லி ஒருத்தர் சொன்னார். இடுப்பளவு தண்ணியில நின்னு விட்டேன். மரம்தானே, முங்கலை. மிதந்து போய் நாணல்ல சிக்கி நின்னுது. நானே நீந்திப் போய் எடுத்துட்டு வந்தேன்."

உலகம்மை சிரிக்கவில்லை.

"எனக்கு முன்னாடி ஒரு பிள்ளை அந்த வீட்டுல இருந்திருக்கு. ஆணா பெண்ணான்னு தெரியாது. எப்படிப் போச்சுன்னு தெரியாது. பேருகூடத் தெரியாது. தெரிஞ்சவங்க இன்னைக்கு ஒருத்தரும் இல்லை. நானும் போயிட்டா, அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லைன்னு ஆயிரும். இதை மனசுல இருந்து எடுக்க முடியலை, தாயி. வச்சுக்கவும் முடியலை."

"போய் எடுத்துட்டு வாங்க."

சொர்ணலிங்கம் போய் எடுத்துவந்தார். மங்கிப்போன சேலையைப் பிரித்தார். பார்வை தன்னால் அடுப்புப் பக்கம் போனது. விறகு தீரும் நேரம்.

"அடுப்புக்குக் கேக்கலை, அண்ணாச்சி," என்றார் உலகம்மை.

நடைவண்டியை வாங்கி, கொல்லைக் கதவைத் திறந்து, வெளியே முற்றத்தில் வைத்தார். ஒரு சக்கரம் இல்லாததால் அது ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

திரும்பி வந்து சோற்றை வடித்தார். குழம்பை இறக்கினார். கீரையைத் தாளித்தார். சொர்ணலிங்கம் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார். கூடத்தில் மற்றவர்கள் ஒருவருக்கொருவர் இலை போட்டுக்கொள்ளும் பேச்சு கேட்டது. சொர்ணலிங்கம் எப்போதும் கடைசிப் பந்தியில் தனியாகத்தான் உட்காருவார்.

"சாப்பாட்டு நேரமாச்சு," என்றார் உலகம்மை. "பிள்ளையைக் கூப்பிடுங்க."

"எந்தப் பிள்ளையை?"

உலகம்மை கரண்டியால் முற்றத்தைக் காட்டினார்.

"பேர் தெரியாதுன்னு சொன்னேனே, தாயி."

"நடக்கப் பழகுற பிள்ளைக்கு அதோட பேர் தெரியுமா? குரல் தெரிஞ்சா வரும்."

சொர்ணலிங்கம் கொல்லைக் கதவுவரை போனார். வெயில் முற்றத்தில் பளீரென்று கிடந்தது. நடைவண்டியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் மலை.

வாயைத் திறந்தார். இத்தனை வயதுக்கு யாரையும் தான் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கம், வா. சோறு ஆறுது."

அது அவர் குரலாகவே இல்லை. 'வா'வைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அந்த இழுப்பு அவருடைய அம்மாவுடையது.

முற்றம் அப்படியே கிடந்தது. சொர்ணலிங்கம் உள்ளே திரும்பப் போனார். அதற்குள் அவரை மீறி, இன்னும் தணிந்த குரலில், வாய் மறுபடியும் கூப்பிட்டது.

"தங்கம், வா."

கூப்பிட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா இப்படித்தான், 'தங்கம், வா' என்று இரண்டு தடவை கூப்பிடுவாள். முதல் தடவை தெருவைப் பார்த்து, உரக்க. அவர் விளையாட்டை விட்டு ஓடிவந்து, டவுசரில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் நிற்பார். அவள் வீட்டுக்குள்ளே திரும்பி, பரண் பக்கம் பார்த்து, மெதுவாக இன்னொரு தடவை கூப்பிடுவாள். "அதான் வந்துட்டேன்ல?" என்பார். "பழக்கமாயிருச்சு," என்பாள். தலை நரைத்து வேலையிலிருந்து அவர் திரும்பிய நாட்களிலும் அப்படித்தான். அம்மாவுக்கு மறதி என்றுதான் நினைத்திருந்தார்.

அவருக்குப் பின்னால் உலகம்மை வாழையிலையில் தண்ணீர் தெளித்து உதறும் சத்தம் கேட்டது.

"ஏன் அண்ணாச்சி, ரெண்டு தடவை கூப்பிட்டீங்க?"

சொர்ணலிங்கம் திரும்பவில்லை.

"நான் எப்பவும் முதல் குரலுக்கே வந்து நின்னுருவேன், தாயி," என்றார்.