மை தடவாத ஓலை

பொன்னப்பர் வாயைத் திறந்தால் ஊரே பேசும். செட்டியாரின் இழுவை, குருக்களின் மூக்குப் பேச்சு, ஓடக்காரன் பெண்சாதியின் வசவு எல்லாம் அவர் தொண்டையில் குடியிருந்தன. குரல் மட்டுமா? செட்டியாராகப் பேசும்போது முகமும் செட்டியாராகிவிடும். தாடை தொங்கும், ஒரு கண் சுருங்கும். அவர் வாயைத் திறக்குமுன்பே பிள்ளைகள் சிரித்துவிடும். ஒருமுறை செட்டியாரே எதிரில் நின்று பார்த்துவிட்டு, "யாருப்பா இது, எங்கேயோ பார்த்த முகமா இருக்கே" என்று கேட்டாராம்.

அப்படிப்பட்ட மனிதர் அறுபதாவது வயதில் ஆற்றங்கரைச் சுவடி மடத்துக்கு வந்து, தம்மைவிட இருபது வயது இளையவளான நாச்சி அம்மையிடம் ஓலையில் எழுதக் கற்றுக்கொண்டார். எழுத வேண்டியது ஒரே ஒரு சுவடி. எட்டு வயதில் இறந்துபோன மகள் அஞ்சலையின் கதை.

கேட்டது அவர் மனைவி மரகதம். அவளுக்குக் காது மங்கிக்கொண்டே வந்தது. மாசி வரை காது தாங்கினால் பெரிது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதற்குள் மகள் கதையை ஒருதரம் முழுசாகக் கேட்டுவிட வேண்டும், மகள் பேசும் இடமெல்லாம் மகள் குரலிலேயே கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. வாயால் சொல்ல உட்கார்ந்தால் பொன்னப்பருக்குப் பாதியில் பேச்சு நின்றுவிடும். எழுதி வைத்தால் வாசித்துவிடலாமே என்று அவள்தான் வழி சொன்னாள். மகள் போன பிறகு இருபது வருஷமாக ஊரையே பேசிக் காட்டிய மனிதர் அந்த ஒரு குரலை மட்டும் எடுத்ததே இல்லை.

தை பிறந்தபோது முப்பத்தொன்பது ஓலை முடிந்திருந்தது. தை முடியும்போதும் முப்பத்தொன்பதுதான்.

பொன்னப்பர் சுவடியைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் போனார். நேரமே வாய்க்கவில்லை என்று குறைப்பட்டார். எழுத்தாணியைக் கையில் எடுத்தால் போதுமாம், வாசலில் ஒரு ஆள் நிற்பானாம். ஒருவன் கல்யாண வீட்டுக்கு வந்து சம்பந்தி மாதிரி இரண்டு வார்த்தை பேசச் சொல்வானாம். இன்னொருவன் செத்துப்போன தன் மாமனார் மாதிரித் தும்மிக் காட்டச் சொல்வானாம். அந்தத் தும்மலை அங்கேயே தும்மியும் காட்டினார்.

அம்மை சிரிக்கவில்லை.

"நாற்பதாவது ஓலை எங்கே?"

"அது வெறும் ஓலை, அம்மை. இன்னும் ஆரம்பிக்கவில்லை."

"அதைத்தான் கொடுங்கள்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓலையின் இரு பக்கமும் நிரம்பிய பிறகுதான் மை தடவுவார்கள். அதுவரை எழுத்தாணி கீறியது கண்ணுக்குத் தெரியாது, வெறும் ஓலை போலத்தான் இருக்கும். அம்மை விளக்குக் கரியைக் கோவை இலைச் சாற்றில் குழைத்து, அந்த வெறும் ஓலையில் தடவினாள். பிறகு துணியால் துடைத்தாள்.

ஓலை முழுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து.

அம்மை வாசித்தாள். "அன்று காலை." பக்கத்தில் இருந்ததையும் வாசித்தாள். "அன்று காலை." அதற்கடுத்ததும் அதுதான். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்திருக்கிறார், முதல் நாள் கீறியது கண்ணில் படாமல் புதிதாக ஆரம்பித்திருக்கிறார், அந்த இரண்டு வார்த்தையோடு எழுந்திருக்கிறார். பதினேழு தடவை.

பொன்னப்பர் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மடத்து வாசலில் ஒரு குரல் கேட்டது. பொன்னப்பர் அண்ணன் இங்கே இருக்கிறாரா, தேர்முட்டியில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றது.

"இதோ வந்துட்டேன்" என்று பொன்னப்பர் பாதி எழுந்துவிட்டார்.

"யார் கூப்பிட்டாலும் ஏன் எழுந்துவிடுகிறீர்கள்?" என்று அம்மை கேட்டாள்.

பொன்னப்பர் உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. அப்படியே குனிந்தபடி சொன்னார்.

"ஒரு தடவை எழுந்திருக்கவில்லை."

அன்று காலை பக்கத்துத் தெருவில் கல்யாணம். அஞ்சலைக்கு நாலாம் நாள் காய்ச்சல். அப்பாவைக் கூப்பிடு என்று பிள்ளை சொல்லி, மரகதம் ஆள் அனுப்பினாள். பொன்னப்பர் மாப்பிள்ளையின் பெரியப்பாவாகப் பேசிக்கொண்டிருந்தார். பந்தலே குலுங்கிக்கொண்டிருந்தது. இதோ வந்துட்டேன் என்றார். மறுபடியும் ஆள் வந்தது, மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை கூப்பிட ஆள் வரவில்லை. வேலை முடிந்துதான் வீட்டுக்குப் போனார்.

மடத்து வாசலில் நின்ற ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அம்மை ஓலையை அவரிடம் நீட்டினாள்.

"பதினேழு தடவை பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள்" என்றாள்.

பொன்னப்பர் ஓலையை வாங்கிக்கொண்டு போனார். தேர்முட்டிப் பக்கம் அவரைக் காணவில்லை. வீட்டுக் கதவை யார்யாரோ தட்டித் தட்டிப் பார்த்து, மனுஷனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் கழித்து ஒரு மதியம் மடத்துக்கு வந்தார். சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிறு கட்டியிருந்தது.

"முடித்துவிட்டேன், அம்மை."

"வாசித்தீர்களா?"

"இன்று காலை உட்கார்ந்தேன். இரண்டு ஓலை வாசித்திருப்பேன். மரகதம் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், 'சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, ஆரம்பிக்கலாமே' என்றாள்."

அம்மை கையிலிருந்த எழுத்தாணியைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவையும் நேரம் கழித்துத்தான் போயிருக்கிறேன்."

"ஆமாம்" என்றாள் அம்மை.

அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்துப் பொன்னப்பர் நின்றார். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தமும் இப்போது மரகதத்துக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"எந்தக் குரலில் வாசித்தீர்கள்?"

"என் குரலில்தான். பிள்ளை பேசும் இடம் வந்தபோதும் அவள் குரலை எடுக்கத் தைரியம் வரவில்லை. இனிமேல் எடுத்துத்தான் என்ன, அம்மை? கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?"

அம்மை சுவடியைக் கையில் வாங்கவில்லை. கயிற்றின் முடிச்சை மட்டும் தளர்த்திவிட்டாள்.

"குரலை எடுத்தால் உங்களுக்கு முகமும் வந்துவிடுமே, பொன்னப்பரே. மரகதத்துக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது? வெளிச்சம் இருக்கிறது. போய் வாசியுங்கள்."