பிந்தி வந்த படம்

திருமேனி பதினாறு வருடம் மருத்துவமனைக் கோப்புகளுக்கு மென்பொருள் எழுதியவர். அங்கே ஒரு வரி தொலைந்தாலும் ஓர் உயிருக்கு ஆபத்து. நாற்பத்து நான்காம் வயதில் கோவையில் ஒரு கேம் கம்பெனிக்கு வந்து, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான மெர்லினிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனியின் கேம் ஆடுபவரின் கைபேசியில் ஓடுவதில்லை. சென்னையில் ஒரு கிளவுட் சர்வரில் ஓடும். படம் மட்டும், நொடிக்கு அறுபது படமாக, கைபேசிக்கு வரும். விரல் தொட்ட செய்தி திரும்பிப் போகும்.

அன்று காலை கடையநல்லூரிலிருந்து ஜெய்னம்பு அழைத்தாள். முந்தின நாள் அந்த கேம் போட்டியின் அரையிறுதியில் தோற்றவள்.

"பள்ளம் கண்ணுல பட்டதும் தாவிட்டேன் சார். ஆனா நான் ஏற்கெனவே உள்ள விழுந்து கிடந்தேன். இது நான் தோத்ததா?"

மாலை நான்கு மணிக்கு மறு ஆட்டம் என்று முடிவாயிற்று.

திருமேனி பதிவுகளை நான்கு முறை பார்த்தார். எழுந்து நடந்தார். திரும்பி வந்து ஐந்தாம் முறை பார்த்தார். பிறகு மெர்லினிடம் போனார்.

"ஒரு படம்கூடத் தொலையலை மேடம். வழியில விழுந்ததை எல்லாம் மறுபடி அனுப்பிட்டுத்தான் அடுத்ததை அனுப்புறேன். தூரம் குறையட்டும்னு மும்பையில இருந்த சர்வரையும் சென்னைக்கே மாத்தியாச்சு. இன்னும் என்னதான் தப்பு?"

மெர்லின் எழுந்தார். "வாங்க, டேபிள் டென்னிஸ் ஆடலாம்."

"இப்பவா? மணி ரெண்டரை."

அலுவலக ஓய்வறையில் மெர்லின் முதல் பந்தை அடித்தார். அது திருமேனியைத் தாண்டி நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. அவர் குனிந்தார். முதுகுக்குப் பின்னால் மேசையில் இரண்டாவது பந்து துள்ளிப் போயிற்று.

"இருங்க மேடம், எடுத்துட்டு வரேன்."

மூன்றாவது அவர் தோளில் பட்டது. நான்காவது காதோரம் பறந்தது.

"பந்தை எடுக்க விடுங்களேன்!"

ஐந்தாவதும் போயிற்று. கையில் கிடைத்த பந்தை அப்படியே போட்டுவிட்டு மட்டையைத் தூக்கினார். ஆறாவதைத் திருப்பி அடித்தார்.

மெர்லின் மட்டையை வைத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார்.

திருமேனி கையிலிருந்த மட்டையை மேசையில் போட்டார். பிறகு கிட்டத்தட்ட ஓடினார். தொலைந்ததை மறுபடி அனுப்பும் வரிகளைத் திறந்தார். அழிக்கக் கை வரவில்லை.

"மேடம், போனது போகட்டும்னு விட்டுடவா?"

"மணி மூணேகால், சார்."

அழித்தார்.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. திருமேனி தன் கைபேசியில் பார்த்தார்; படம் அங்கங்கே உடைந்தது. உடைந்தபோதெல்லாம் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். ஜெய்னம்பு ஒவ்வொரு பள்ளத்தையும் சரியாகத் தாண்டினாள். கடைசிச் சுற்றில் ஒரே புள்ளியில் தோற்றாள்.

அவரே அவளை அழைத்தார். "படம் உடைஞ்சு உடைஞ்சு வந்திருக்குமேம்மா?"

"நான் கவனிக்கலையே சார்." சிரித்தாள். "இந்தத் தடவை நான்தான் தோத்தேன்."

அப்போதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவுகளை எடுத்துப் பார்த்தார். மெர்லினின் மேசைக்குப் போனார்.

"நூத்திப் பதினேழு படம் போய்ச் சேரவே இல்லை மேடம். அதையெல்லாம் என்ன பண்றது?"

மெர்லின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதை?" என்றார்.