வாத்தான துபாஷியும் மூன்று கேள்விகளும்

கப்பல்கள் பாய் விரித்து ஓடிய காலத்திலே, ராஜாக்களுக்குத் தொப்பை பெருத்து வேலை சிறுத்த காலத்திலே, ஆழிக்கரை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. வெள்ளைக்காரர் பேசுவதை ராஜாவுக்குத் தமிழில் சொல்ல அம்பலவாணன் என்றொரு துபாஷி இருந்தான். அவன் மனைவி செண்பகவடிவு. புருஷன் வீட்டில் உருப்போட்ட இங்கிலீஷையெல்லாம் அடுப்படியில் இருந்தபடியே காதில் வாங்கி வைத்திருந்தாள்.

ஒருநாள் உடைந்த கப்பலிலிருந்து ஒரு பெட்டி கரை ஒதுங்கியது. திறந்தார்கள். பனைமர உயரத்துக்கு ஒரு பூதம் எழுந்தது. நேரே போய் ஏரி மடைமேல் உட்கார்ந்துகொண்டது. சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வயலெல்லாம் வெடித்தது.

பூதத்துக்குத் தெரிந்ததோ இங்கிலீஷ் மட்டும். அது சொன்னதைத் துபாஷி தமிழில் சொன்னான். யாரோ மந்திரம் போட்டு அதைக் கட்டிவைத்திருக்கிறார்களாம். நேற்றைப் பற்றி ஒன்று, இப்போதைப் பற்றி ஒன்று, நாளையைப் பற்றி ஒன்று, இப்படி மூன்று கேள்விகளை அதனிடம் பிழையில்லாத இங்கிலீஷில் கேட்டால் கட்டு அவிழுமாம். ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்கக் கூடாது. தப்பாகக் கேட்டவர் வாத்தாகிவிடுவார்.

துபாஷியே முதலில் துணிந்தான். நாம் 'போனாயா' என்பதுபோலக் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்து, "யூ வென்ட்டா?" என்றான்.

குவாக். வேட்டி தரையில் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வாத்து எட்டிப் பார்த்தது.

"டிட் யூ கோ?" என்று கேட்டிருக்க வேண்டும் என்று பூதம் தலையில் அடித்துக்கொண்டது.

அடுத்து மந்திரி. முன்னால் 'டிட்' வேண்டும் என்பதுவரைக்கும் அவருக்குப் புரிந்திருந்தது. "டிட் யூ ஸ்லெப்ட்?" என்றார். குவாக். 'ஸ்லெப்ட்' இல்லை, 'ஸ்லீப்' என்றது பூதம்.

அடுத்து தளபதி. மீசையை முறுக்கிக்கொண்டு, "யூ வில் கம்?" என்றார். குவாக். "வில் யூ கம்?" என்று அழாத குறையாகத் திருத்தியது பூதம். அதன்பின் ஏரிப்பக்கம் யாரும் தலைகாட்டவில்லை.

வடிவு மட்டும் போனாள். புருஷனுக்குத் தவிடு பிசைந்து வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தாள். நம் பேச்சில் கேள்விக்கு வால் முளைக்கிறது. இதன் பேச்சில் தலை முளைக்கிறது. 'வில்' மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதுவே முன்னால் ஓடிவருகிறது. ஒன்றும் இல்லையென்றால் 'டிட்' வந்து நேற்றைத் தன் தோளில் தூக்கிக்கொள்கிறது. அப்புறம் மற்றதற்குச் சுமையில்லை, 'ஸ்லெப்ட்' பழையபடி 'ஸ்லீப்' ஆகிவிடுகிறது.

எழுந்தாள். வேண்டாம் என்று வாத்து முந்தானையைக் கவ்வி இழுத்தது. "விடுங்க, பார்த்துக்கறேன்," என்று அதை ஏரியில் விட்டுவிட்டுப் பூதத்தின் முன் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தால் அதன் விலா எலும்பெல்லாம் எண்ணுகிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பயம் போய்விட்டது. வாசலுக்கு வருகிற எவரிடமும் கேட்பதையே கேட்டாள்.

"டிட் யூ ஈட் எஸ்டர்டே?" நேற்றுச் சாப்பிட்டாயா?

பூதம் அவள் உயரத்துக்குக் குனிந்தது. "நோ."

"ஆர் யூ ஹங்க்ரி?" இப்போது பசிக்கிறதா?

"எஸ்." அத்தனை பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல்.

"வில் யூ ஈட் வித் அஸ் டுமாரோ?" நாளைக்கு எங்களோடு சாப்பிடுவாயா?

படாரென்று கட்டு அறுந்தது. பூதம் எழுந்தது, மடை திறந்தது, தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. ஏரியில் நீந்திக்கொண்டிருந்த வாத்துகளெல்லாம் மனிதர்களாகி, வேட்டி வரும்வரை கழுத்தளவு தண்ணீரிலேயே மரியாதையாக நின்றார்கள்.

ராஜா அன்றே வடிவைத் துபாஷியாக்கி, அம்பலவாணனை அவளுக்கு உதவியாளாக வைத்தார். அவனுக்கும் அதில் வருத்தமில்லை; வாத்தாக இருந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

மறுநாள் அரண்மனையில் விருந்து. பூதம் பன்னிரண்டு அண்டா சோற்றை முடித்துவிட்டு, காலையிலிருந்து கற்றுக்கொண்ட தமிழைக் கூட்டிக்கூட்டிக் கேட்டது: "வடிவம்மா, நாளைக்கும் சோறு போட்டாயா?"

பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"போடுவேன்."