நரிகளுக்குப் பெயர் சூட்டு விழா

விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. பச்சைப்பிள்ளை அழுவதுபோல் தொடங்கி, பல்லில்லாத மாமனார் கொட்டாவி விடுவதுபோல் முடிந்தது. கோட்டை வாசலை ஒட்டிய அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அழகுநாச்சி அவனை இறுக அணைத்துக்கொண்டாள். நரிகள். அகழிப் பாலத்தின் மேலேயே வந்துவிட்டிருந்தன. கோட்டைக் கதவோ ஆவென்று திறந்து கிடந்தது.

கதவைச் சாத்த வேண்டியவளே அவள்தான். குறும்பை நாட்டின் வாசல் அதிகாரி. அப்படியானால் சாத்தித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது வில்லங்கம்.

அந்த நாட்டு வழக்கப்படி, அந்தி சாய்ந்ததும் வாசல் அதிகாரி அரசர் முன் போய், வெளியே என்னென்ன நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அரசர் "சாத்து" என்பார். அப்புறம்தான் கதவு. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து ஒழுங்காய் நடந்துவந்த காரியம். கொடுமுடிவர்மர் பட்டத்துக்கு வந்து, அவருக்கு ஒரு யோசனையும் வந்ததில் எல்லாம் கெட்டது.

ஆட்டுக்கு மந்தை, எறும்புக்குச் சாரை இருக்கிறதே, மற்ற ஜீவன்களெல்லாம் என்ன பாவம் செய்தன என்று அரசர் கேட்டார். கூட்டம் கூட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையால் அழைப்பது அநீதியாம். உடனே ஆதிமூலப் புலவர் தலைமையில் சபை கூடியது. பூனைகளுக்கு 'அலட்சியம்' என்று பெயர் வைத்தார்கள். குரங்குகளுக்கு 'அட்டூழியம்'. காக்கைகளுக்குப் 'பஞ்சாயத்து'. மாப்பிள்ளைகளுக்கு 'முறுக்கு'. வைத்தியர்களுக்குப் 'பத்தியம்'. ஓர் அலட்சியம் பூனைகள் கூடையைக் கவிழ்த்துவிட்டதாக முறையிடத் தெரியாத மீன்காரியை, சொல்லக் கற்றுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கற்றுக்கொண்டு வருவதற்குள் பூனைகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டன.

நரிகளுக்கு மட்டும் பெயர் வரவில்லை. பெயர் தயாராம், வெளியிட நல்ல நாள்தான் வேண்டுமாம். தை பிறக்கட்டும் என்றார் புலவர். அதுவரை அவருக்கு அரண்மனைச் சாப்பாடு.

அழகுநாச்சி அன்றும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரசர் முன் போய் நின்றாள். நேற்று ராணியம்மாவின் வாத்து போயிற்று. இன்று எது போகுமோ என்று அவள் வாயால் சொல்லவில்லை. புருஷன் எல்லைப் படையில் இருக்கிறான். பிள்ளையின் தூளி கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

"பெயரில்லாதவற்றை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவது ராஜநீதி ஆகாது, நாச்சி" என்றார் அரசர், மிகுந்த வருத்தத்தோடு.

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நியாயம்தான் மகாராஜா. ஆனால் புலவர் ஐயா வெளியிடுகிறேன் என்கிறாரே, அதுதான் புரியவில்லை. இவனுக்குப் பெயர் வைத்தபோது யாரும் வெளியிடவில்லை. மடியில் வைத்து, நாக்கில் தேன் தொட்டு, வலது காதில் மூன்று தடவை சொன்னோம். காதில் சொல்லாத பெயர் ஒட்டுமா?"

அரசரின் முகம் மலர்ந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தொடையைத் தட்டிக்கொண்டார். யார் மடி என்ற கேள்வி வந்தது. நாட்டிலுள்ள எல்லா உயிருக்கும் தகப்பன் மகாராஜாதானே என்றாள் அவள். காதில் சொல்வது? பெயரைப் பெற்றெடுத்தவர் புலவர். அவரைத் தவிர யாருக்கு அந்த உரிமை?

புலவர் "நாள் நட்சத்திரம்..." என்றார்.

"பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன் ஐயா. இன்றைக்கே உத்தமம்."

பாலத்தின் மேல் மணை போட்டார்கள். அரசர் மடியில் பட்டுத்துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். புலவர் தேன் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால், கூடியவரை பின்னால், நின்றார். விழா என்றால் விருந்து வேண்டாமா என்று, மடைப்பள்ளியிலிருந்து ஆட்டுக்கறி அண்டாவைக் கொண்டுவந்து அரசருக்குப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு, அழகுநாச்சி உள்ளே போய்விட்டாள்.

வாசனை போன இடத்துக்கு அழைப்பிதழ் எதற்கு? புதரெல்லாம் கண்ணாக மின்னியது. எல்லாவற்றிலும் மூத்த நரி ஒன்று முன்னால் வந்தது. அண்டாவை முகர்ந்தது. அரசரை முகர்ந்தது. பிறகு, இரண்டில் எது மேல் என்று தீர்மானிக்க அவகாசம் வேண்டும் என்பதுபோல், முன்னங்காலைத் தூக்கிப் பட்டின் மேல் வைத்தது.

"புலவரே, காது" என்றார் அரசர், உதடு அசையாமல்.

புலவர் இன்னும் ஓரடி பின்னால் போனார். நரி வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. உள்ளே இருந்த பற்களை அரசர் நன்றாகப் பார்த்தார். கடைவாய்ப் பல் வரைக்கும் பார்த்தார்.

புலவர் முதலில் ஓடினாரா, அரசர் முதலில் ஓடினாரா என்பதில் இன்றுவரை அந்த ஊரில் இரண்டு கட்சி உண்டு. கிரீடம் பாலத்தில் உருண்டது. தேன் கிண்ணம் புலவரின் தலையில் இருந்தது. உள்ளே விழுந்த வேகத்தில் அரசர் கத்தினார்: "சாத்து, சாத்து."

அழகுநாச்சி கதவை நெருக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நரியின் மூக்கு நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். தாழ் போடவில்லை.

"சாத்தலாம் மகாராஜா. வெளியே நிற்பவை இன்னவை என்று முறைப்படி சொல்ல வேண்டுமே. புலவர் ஐயா காதில் ஒன்றும் சொல்லவில்லை. பெயரில்லாதவற்றை வெளியே நிறுத்திவிட்டுச் சாத்தினால் ராஜநீதி..."

இடைவெளியில் ஒரு மூக்கு வந்தது. ஈரமான, கறுத்த மூக்கு.

"நாச்சி" என்றார் அரசர், மூச்சு வாங்க. "அவற்றையே கேட்டுவிட்டேன். பெயர் வேண்டாமாம்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே காதில் விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேன் வழிய உட்கார்ந்திருந்த புலவரைப் பார்த்ததும் இன்னும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், இனி அந்த ஊரில் கதவு சாத்தும் நேரத்தை யாரும் அரசரிடம் கேட்க வேண்டாம் என்றார். அழகுநாச்சியின் பிள்ளைக்கு எப்போது கண் சொக்குகிறதோ, அதுதான் நேரம்.

பிள்ளை அவள் தோளில் ஏற்கெனவே தூங்கிப்போயிருந்தான். அவள் ஒற்றைக் கையால் கதவை அழுத்தி, உள்ளிருந்து தாழைப் போட்டாள்.