அல்லியின் இடம்

ஞானாம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் பிறவி, மரணம், மனம் என்று பெரிய பெரிய மூட்டைகளாகத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். தில்லைநாயகி அன்று காலை வந்தபோது அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. முந்தானையைப் பிடித்தபடி மாறன் நின்றான். வாசலில் செழியனும் வேதாவும் சப்பரக் கயிற்றை யார் பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அல்லி என்று இன்னொருத்தி உண்டு. அவள் எங்கே இருந்தாள் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு பார்த்தால், உள்ளே வந்து, ஞானாம்மா தைத்துக்கொண்டிருந்த மெஷின் அடியில் உட்கார்ந்து, விழுந்த துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானாம்மா வயதில் தில்லைநாயகிக்கு இளையவர். அதனால் சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை அம்மா என்பாள். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் பழகிப்போய்விட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

தில்லைநாயகி அல்லியை வாசலுக்கு அனுப்பினாள். மாறனையும் சேர்த்து அனுப்பினாள். குழந்தைக்கு எதுவும் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஒரு பிள்ளையக் குடுத்துடலாம்னு இருக்கேம்மா."

மெஷின் சக்கரம் நின்றது.

கேட்டது அவளுடைய நாத்தனார் வடிவாம்பாள். கணவனுக்கு அக்கா. திருச்சியில் இருக்கிறாள். பிள்ளை இல்லை. கெட்டவள் என்று நாக்கின் மேல் பல்லைப் போட்டு யாரும் சொல்ல முடியாது. பண்டிகைக்கு வந்தால் ஐந்து பிள்ளைகளுக்கும் துணி எடுத்து வருவாள், திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு அழுவாள். போன தடவை கிளம்புகிற நேரத்தில் தில்லைநாயகியின் கையைப் பிடித்து, "ஒண்ண எனக்குக் குடேன். எந்தப் பிள்ளைன்னாலும் சரி" என்று கேட்டுவிட்டாள். கணவனிடம் சொன்னதற்கு, "பெத்தவ நீ, நீயே முடிவு பண்ணு" என்று பாரத்தை அவள் தலையில் கட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிட்டான். ஆம்பிளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் எங்கேயாவது ஒரு எஞ்சின் ரிப்பேராகும்.

இன்றைக்குச் சாயங்காலம் வடிவாம்பாள் வருகிறாள், பதில் கேட்க.

"யாரக் குடுக்கறதா இருக்கீங்க?"

"அல்லிய."

"ஏன் அல்லி?"

தில்லைநாயகி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் கத்தும்மா. பசிச்சா கத்தும், தூக்கம் வந்தா கத்தும். கத்தற பிள்ளைக்குக் கை தானா போயிடுது. இவ கேக்கவே மாட்டா. மாசி மகத்துக்குப் போயிருந்தோம்ல, அப்ப இவள வளையல் கடையில விட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து, கால் கழுவி, விளக்கேத்தி, உலை வெச்ச பெறகுதான் தெரியுது. விழுந்தடிச்சு ஓடினேன். அந்த வளையக்கார அம்மா மடியில உக்காந்துகிட்டு வளையல நெறம் பிரிச்சு அடுக்கிட்டிருக்கா. என்னப் பார்த்துட்டு, 'வந்துட்டியாம்மா'ன்னா. அழுதிருந்தாக்கூடத் தேவலைம்மா."

சொல்லிக்கொண்டே வாசலில் இருந்த அல்லியை எட்டிப் பார்த்தாள்.

"என் மனசுல அத்தன பேருக்கு எடமில்ல போல. இவ ஓரத்துல தொங்கிட்டிருக்கா. அண்ணி வீட்டுல இவளுக்குன்னு ரெண்டு கண்ணு இருக்கும். நான் செய்யறது சரியா, தப்பாம்மா?"

ஞானாம்மா மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

"இன்னைக்குப் பதினெட்டாம் பெருக்கு இல்ல? ஆத்துக்குத்தானே கெளம்பி வந்திருக்கீங்க?"

"ஆமா. பிள்ளைங்க விடுமா?"

"நானும் வரேன்."

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான் கிடைத்தது. தில்லைநாயகிக்கு வருத்தம்தான். ஆனாலும் குரு கூட வருகிறேன் என்றால் எப்படி வேண்டாம் என்பது?

ஐந்து பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போவதை வெறும் நடை என்று சொல்ல முடியாது. சின்ன மரச் சப்பரம் முன்னால் போனது. உள்ளே ஒரு சாமி படம், மேலே சாமந்திச் சரம். ஆடிப்பெருக்கன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் கயிறு கட்டி ஆற்றுக்கு இழுத்துப் போவார்கள். செழியன் இழுத்தால் வேதா அழுதாள். வேதா இழுத்தால் சப்பரம் சாக்கடைப் பக்கம் போனது. மாறன் தானே சாமி என்று சொல்லிச் சப்பரத்தில் ஏறி உட்கார்ந்தான், சக்கரம் கழன்றது. சக்கரத்தை மாட்டி நிமிர்ந்தால் அவனுடைய ஒரு செருப்பைக் காணவில்லை. செருப்பு கிடைத்ததும் ஒன்றுக்கு வருகிறது என்றான்.

"செழியா! இல்ல, வேதா! ஏய், மாறா!" தில்லைநாயகி ஒருவனைக் கூப்பிடுவதற்குள் மூன்று பெயர்களைச் சொல்லிவிடுவாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அந்த வரிசையில் அல்லியின் பெயர் வராததை இன்று அவளே கவனித்தாள். கவனித்ததும் திரும்பிப் பார்த்தாள்.

அல்லி ஞானாம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கரை முட்ட, காப்பி நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. படித்துறை முழுக்கப் பெண்களும் மஞ்சளும் பூவும். ஆற்றுக்குப் படைத்த காதோலையும் கருகமணியும் மிதந்து போயின. தில்லைநாயகி வாழை இலைத் துண்டில் கற்பூரம் ஏற்றி ஆற்றுக்குக் காட்டினாள். பிள்ளைகளுக்கு வரிசையாக மஞ்சள் சரடு கட்டினாள். காற்று ஒரே திசையில் வீசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தால் தண்ணீர் நின்றுவிட்டு, கரை நகர ஆரம்பித்தது. படிகளும் ஆட்களும் பூவரச மரங்களும் மெல்ல மேற்கே போவது போல இருந்தது. முந்தின இரவு முழுக்க அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

கடைசிப் படியில் அல்லி குந்தியிருந்தாள். அவள் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஞானாம்மா பக்கத்தில் இருந்தார்.

"இந்தப் பூவெல்லாம் எங்க போவுது?" அல்லி கேட்டாள்.

"எனக்குத் தெரியல. நீ கேட்டுப் பாரு."

அல்லி ஆற்றின் பக்கமாகக் காதைச் சாய்த்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"என்ன சொல்லுச்சு?"

"இன்னும் சொல்லி முடிக்கல."

பதில் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கண் சொக்கியது. ஞானாம்மா தூக்கிக்கொண்டு வந்து பூவரச நிழலில் தன் சால்வையை விரித்துப் படுக்கவைத்தார். இலை நிழல் முகத்தின் மேல் ஆட, அவள் நல்ல தூக்கத்துக்குப் போய்விட்டாள். கைக்குழந்தையும் பக்கத்திலேயே கிடந்தது.

பசி வந்துவிட்டது. தில்லைநாயகி புளிச்சாதத் தூக்கைத் திறந்தாள். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். செழியன், பக்கத்தில் வேதா, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடைவெளி, அப்புறம் மாறன்.

"அல்லிய எழுப்பட்டுமா?" வேதா கேட்டாள்.

தில்லைநாயகி நிழலைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தூங்கட்டும்" என்றாள். ஞானாம்மாவிடம் மட்டும் மெதுவாக, "இனிமே இப்பிடித்தானே பழகணும்" என்றாள்.

"சரிக்கா" என்று ஞானாம்மா வேதாவுக்கும் மாறனுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களைப் போலவே உள்ளங்கையை நீட்டினார். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

"அம்மா, கதை!"

சோறு என்றால் கதை உண்டு. தில்லைநாயகி உருட்டத் தொடங்கினாள், கதையும் தொடங்கியது.

"காவேரி அம்மா இப்ப முழுகாம இருக்கா. மசக்கை. வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல. அதான் எல்லாரும் புளிச்சாதம், எலுமிச்சஞ்சாதம்னு கட்டிக்கிட்டு வந்து குடுக்கறாங்க."

"அப்ப பாப்பா பொறக்குமா?"

"பொறக்கும். தை மாசம் வயலெல்லாம் கதிர் சாஞ்சு நிக்கும்ல, அதெல்லாம் அவ பெத்ததுதான்."

"எத்தன பாப்பா?"

"எண்ணி மாளாது."

"பேரெல்லாம் ஞாபகம் இருக்குமா அவளுக்கு?" என்றான் செழியன். "உனக்கு அஞ்சு பேருக்கே மாறிப்போவுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சிரிப்புதான் காரணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கதை ஒரு பக்கம் போயிற்று. ஆறு ஒரு பக்கம் போயிற்று. அவள் பார்வை தண்ணீரின் மேல் கிடந்தது. காவேரி அம்மா எந்த மலையில் பிறந்தாள், எந்தக் கல்லில் உட்கார்ந்து தலை வாரினாள் என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கை சுற்றிச் சுற்றி வந்தது. செழியனுக்கு விழும் உருண்டை பெரியது. வேதாவுடையதில் வேர்க்கடலை தூக்கலாக இருக்கும், இல்லாவிட்டால் அவள் கையை மூடிக்கொள்வாள். மாறனுக்கு உருண்டையின் தலையில் ஒரு துளி வெல்லம் வைக்க வேண்டும், அப்போதுதான் வாய் திறப்பான். இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்யவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ இருந்தாள். சாயங்காலம் வரப்போகிற பஸ்கூட அந்த நேரத்தில் அவளுக்குத் தூரமாகத்தான் இருந்தது.

தூக்கு காலியானது. பிள்ளைகள் கை கழுவப் படியிறங்கி ஓடினார்கள். "மேல் படியிலயே நில்லுங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பினாள்.

ஞானாம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு வாழை இலைத் துண்டு. அவள் கொடுத்த உருண்டைகள் அத்தனையும் அதில் வரிசையாக இருந்தன.

தில்லைநாயகிக்குப் பகீர் என்றது.

"என்னம்மா, ஒண்ணுகூடச் சாப்பிடலையா? உப்பு கூடிப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கும்."

"அப்புறம் ஏன்?"

"இது எனக்கு உருட்டினது இல்லையேக்கா."

அப்போதுதான் அவள் இலையைச் சரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு உருண்டையும் நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. ஒரு பெரிய மனுஷிக்கு யாரும் அப்படி உருட்ட மாட்டார்கள். சோறு மற்றவர்களுடையதைவிடக் குழைய மசிக்கப்பட்டிருந்தது. மிளகாய் இல்லை. வேர்க்கடலை இல்லை. கடலைப்பருப்பு ஒன்றுகூட இல்லை. பொறுக்கி எடுத்ததெல்லாம் தூக்கின் மூடியில் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. அதை எப்போது பொறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் நிழலைத் திரும்பிப் பார்த்தாள். அல்லி வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு முன்பல்லு ஆடுது" என்றாள் தில்லைநாயகி.

"சொன்னாளா?"

"அவ எங்க சொல்லுவா? ஒண்ணுஞ் சொல்லல." கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். "நான் எப்பப் பார்த்தேன்னு தெரியலையே."

ஓடி விளையாடுகிற பிள்ளைகளின் சத்தம் படித்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தில்லைநாயகி இலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சாயங்காலம் அண்ணி வந்துடுவாங்கம்மா. பாவம்மா அவங்க. ஆசையா வராங்க. வெறுங்கையோட எப்படித் திருப்பி அனுப்பறது?"

"உக்காரச் சொல்லி, அவங்களுக்கும் உருட்டிப் போடுங்கக்கா" என்றார் ஞானாம்மா.